அளவு எங்கிருந்து தொடங்குகிறது? டிராயிங்கில் டைமென்ஷன் போடும் முறை

பாலிடெக்னிக் மெக்கானிக்கல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். இன்பிளான்ட் டிரெயினிங் போன இடத்தில் ஒரு ஸ்டெப் ஷாஃப்ட்டுக்கு, அதாவது படிப்படியாக விட்டம் மாறும் தண்டுக்கு, டிராயிங் போட்டு லேத்துக்கு (கடைசல் இயந்திரத்துக்கு) கொடுத்திருக்கிறார். மொத்தம் 34 அளவுகள். லேத்தில் வேலை செய்யும் டர்னர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “வேண்டாத அளவெல்லாம் இருக்குதுங்க தம்பி, வேண்டியது இல்லையே” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். பாடப்புத்தகத்தில் உள்ள விதிகளை எல்லாம் பின்பற்றியும் எங்கே தப்பு, அமெரிக்க டிராயிங்குகள் ஏன் வேறு மாதிரி இருக்கின்றன, கம்ப்யூட்டர் தானே அளவு போட்டுத் தரும்போது இதையெல்லாம் ஏன் படிக்க வேண்டும் என்று மூன்று கேள்விகள். படத்தையும் இணைத்திருந்தார். அந்தப் படத்தையே வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

தம்பி, உங்கள் கோடுகள் சுத்தமாக இருக்கின்றன. அம்புமுனைகூட அளவாக இருக்கிறது. தப்பு கோட்டில் இல்லை. ஒவ்வோர் அளவையும் எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று நீங்கள் யோசிக்கவில்லை. டைமென்ஷன் போடுவது என்றால் உருவத்தின் நீளம் அகலத்தைக் குறித்துவைப்பது என்றுதான் கல்லூரியில் மனதில் பதிகிறது. கடைசல் பட்டறையில் அதற்கு வேறு பொருள். ஓர் அளவு என்பது ஒருவருக்குக் கொடுக்கும் உத்தரவு: இந்த முகத்திலிருந்து இந்த முகம் வரை இவ்வளவு இருக்கும்படி வெட்டு, இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம், நான் இதே இரண்டு முகங்களில் கருவியை வைத்து அளந்து பார்ப்பேன். அளந்து பார்க்க முடியாத இடத்துக்கு அளவு போட்டால் அந்த உத்தரவை யாராலும் நிறைவேற்ற முடியாது.

உங்கள் ஷாஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். இடமிருந்து வலமாக நான்கு படிகள் (⌀ என்றால் விட்டம்): ⌀25-ல் 18 மிமீ நீளம், ⌀32-ல் 60, மறுபடி ⌀25-ல் 40, கடைசியில் ⌀20-ல் 32. நான்கையும் ஒரே வரிசையில் சங்கிலி போலப் போட்டுவிட்டு, அதற்கு மேலே மொத்த நீளம் 150 என்றும் போட்டிருக்கிறீர்கள். 18, 60, 40, 32 எல்லாம் கூட்டினால் 150 வருகிறது, கணக்கு சரிதானே என்று தோன்றும். காகிதத்தில் சரி. லேத்தில் எந்த அளவும் அச்சாக வராது.

உங்கள் டைட்டில் பிளாக்கில், அதாவது டிராயிங்கின் மூலையில் இருக்கும் தகவல் கட்டத்தில், பொது டாலரன்ஸ் ‘மீடியம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். டாலரன்ஸ் என்றால் ஓர் அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்பது. ஐஎஸ்ஓ 2768 என்ற சர்வதேசத் தரத்தின் அட்டவணைப்படி அதற்கு என்ன பொருள் என்று பாருங்கள். 6-லிருந்து 30 மிமீ வரை ±0.2, 30-லிருந்து 120 வரை ±0.3, 120-லிருந்து 400 வரை ±0.5. அப்படியானால் உங்கள் 18 என்பது ±0.2, மற்ற மூன்றும் ±0.3. டர்னர் நான்கு படிகளையும் அனுமதித்த எல்லைக்குள்ளேயே, ஆனால் எல்லாவற்றையும் கூடுதல் பக்கமாக வெட்டிவிட்டால் மொத்தம் 151.1. உங்கள் மொத்த நீளமோ 150.5-ஐத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு படியும் பாஸ், ஷாஃப்ட் ஃபெயில். இன்ஸ்பெக்டர் எதை நம்புவது? ஒரே பொருளுக்கு ஒன்றோடொன்று மோதும் இரண்டு உத்தரவுகளை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். ஒரே அளவை இரண்டு முறை சொல்லாதே, சங்கிலியை முழுவதும் மூடாதே என்று பாடத்தில் இருக்கும் விதி இதற்காகத்தான். சங்கிலியில் ஒரு கண்ணியைத் திறந்து விட்டாக வேண்டும். கூடுவதும் குறைவதும் எல்லாம் அந்தக் கண்ணியில் போய் ஒதுங்கிக்கொள்ளும்.

எந்தக் கண்ணியைத் திறப்பது? இதற்குப் பதில் ஷாஃப்ட் மிஷினில் என்ன வேலை செய்கிறது என்பதில் இருக்கிறது. நடுவில் இருக்கும் ⌀32 காலரின் இரண்டு பக்கமும் 6205 என்ற எண்ணுள்ள பேரிங் வந்து முட்டி நிற்கிறது. ஆகவே 60 என்பது இரண்டு பேரிங்குக்கும் இடையே உள்ள தூரம். ஹவுசிங்கோடு பொருந்த வேண்டிய அளவு. அதை நேரடியாகத்தான் கொடுக்க வேண்டும், வேறு அளவுகளைக் கழித்து வரும்படி விடக்கூடாது. வெர்னியரின் இரண்டு தாடைகளையும் காலரின் இரு பக்கமும் வைத்து அளந்துவிடலாம். அடுத்து, காலரின் வலது ஷோல்டரிலிருந்து (படி மாறும் முகம்) புல்லி முட்டும் ஷோல்டர் வரை 40. மோட்டார் புல்லியும் இந்தப் புல்லியும் ஒரே நேர்கோட்டில் நின்று பெல்ட் ஓரம் தேயாமல் ஓட வேண்டுமானால் அதுவும் முக்கியம். இரண்டு முக்கிய அளவுகளுமே காலரின் வலது முகத்திலிருந்து தொடங்குகின்றன. அதுதான் உங்கள் டேட்டம், அளவுகள் தொடங்கும் ஆதார முகம். அங்கிருந்து வலது முனை வரை 72, முனைக்கு முனை 150. இவ்வளவு போதும்.

இடது முனையில் இருக்கும் 18-க்கு என்ன ஆகும்? கணக்குப் போட்டால் அது ±1.1 வரை ஆடும். குறைந்தபட்சம் 16.9. அங்கே உட்காரும் 6205-இன் அகலம் 15 மிமீ. அதாவது எவ்வளவு ஆடினாலும் பேரிங் முழுதாக உட்கார இடம் இருக்கிறது. ஆடலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அந்த 18-ஐத் தெரிந்துகொள்வதற்காக மட்டும் அடைப்புக்குறிக்குள் போடலாம். அடைப்புக்குறிக்குள் இருக்கும் அளவுக்கு டாலரன்ஸ் கிடையாது, இன்ஸ்பெக்‌ஷன் கிடையாது. தகவல் மட்டும்.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது உங்களுக்கு நாளை நிச்சயம் வரும். டர்னர் முதலில் பாரைச் சக்கில் (லேத்தின் பிடியில்) பிடித்து வலது முனையை ஃபேஸிங் அடிப்பார், அதாவது முகத்தைச் சமமாக வெட்டுவார். அந்த முகத்திலிருந்து 72 வரை ⌀25 ஓட்டுவார், பிறகு அதே முகத்திலிருந்து 32 வரை ⌀20 ஓட்டுவார். அவருக்கு வசதியான தொடக்க இடம் வலது முனை. உங்கள் பயன்பாட்டுக்கு வேண்டிய தொடக்க இடம் காலர். இரண்டும் ஒன்றல்ல. நீங்கள் அவர் வசதிக்காக 72, 32 என்று கொடுத்தால், பெல்ட்டுக்கு வேண்டிய 40 என்பது ±0.6 ஆடும். நீங்கள் 40 என்று கொடுத்தால் அவர் ஒரு கழித்தல் போட வேண்டும். பயன்பாட்டுக்கே முதலிடம் என்பது என் தீர்மானமான கருத்து. 40-ஐயே கொடுங்கள். கூடவே (32) என்று அடைப்புக்குறிக்குள் போட்டு அவருடைய கழித்தலை நீங்கள் போட்டுக் கொடுங்கள். ராத்திரி ஷிஃப்டில், கையில் எண்ணெயோடு, காதில் நாலு மிஷின் சத்தத்தோடு நிற்கும் ஆளைக் கணக்குப் போட வைக்கக்கூடாது. தப்பு அங்கேதான் நுழையும்.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு வார்ப்பிரும்புக் கவர் பிளேட்டுக்கு நான் டிராயிங் போட்டேன். ஒரே வரிசையில் ஆறு துளைகள், எம்8 போல்ட்டுக்காக ⌀9. துளைக்குத் துளை 40 ±0.2 என்று ஐந்து முறை சங்கிலியாகப் போட்டேன். மார்க்கிங் செய்தவர் டிராயிங் சொன்னபடியே ஒவ்வொரு துளையையும் முந்தைய துளையிலிருந்து குறித்தார். அவர் மேல் தப்பே இல்லை. ஐந்து 0.2 சேர்ந்தால் 1.0. முதல் துளையிலிருந்து கடைசித் துளை ஒரு மிமீ வரை தள்ளிப் போகலாம் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். 9-ல் 8 போனால் சுற்றிலும் இருக்கும் இடைவெளி அரை மிமீதான். அசெம்பிளியில் முதல் நான்கு போல்ட் இறங்கின, ஐந்தாவது உரசியது, ஆறாவது இறங்கவில்லை. முப்பது கவர்களில் பாதிக்கு மேல் கடைசித் துளையை உருட்டு அரத்தால் நீவிப் பெரிதாக்கினோம். அளவுகளை முதல் துளையிலிருந்து 40, 80, 120, 160, 200 என்று கொடுத்து ஒவ்வொன்றுக்கும் ±0.2 போட்டிருந்தால் கடைசித் துளையும் 0.2-க்கு மேல் நகர்ந்திருக்காது. கையால் மார்க்கிங் செய்தாலும் சர்ஃபேஸ் பிளேட்டில் ஹைட் கேஜை ஒரே முகத்திலிருந்து ஏற்றிக்கொண்டே போகலாம், அது சுலபமும்கூட.

ஆனால் உடனே சங்கிலி முறை தப்பு, ஒரே இடத்திலிருந்து அளப்பதுதான் சரி என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். முதல் துளையிலிருந்து போட்டால் பக்கத்துப் பக்கத்துத் துளைகளுக்கு இடையே ±0.4 வரும். இரண்டு துளைகளில் ஒரே சாமான் உட்கார வேண்டும், அவற்றுக்கு இடையே உள்ள தூரம்தான் முக்கியம் என்றால், அந்த இரண்டுக்கும் நடுவே நேரடியாகத்தான் போட வேண்டும். பாடத்தில் சங்கிலி, இணை, கூட்டு, ஆயத்தொலை என்று வகை பிரித்துச் சொல்லுவார்கள். இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து டிராயிங் முழுவதும் போடுவதில்லை. ஒரே படத்தில் எந்த இடத்துக்கு எது வேண்டுமோ அது.

விட்டத்துக்கு வருவோம். உங்கள் பேரிங் இருக்கைக்கு வெறும் ⌀25 என்று போட்டிருக்கிறீர்கள். பொது டாலரன்ஸ்படி அது 24.8-லிருந்து 25.2 வரை போகலாம். 24.8-ல் பேரிங் கடகடவென்று ஆடும், 25.2-ல் சுத்தியலால் அடித்தாலும் ஏறாது. சாதாரண லோடில் ஷாஃப்ட் சுழலும் இடத்தில் இந்த அளவுக்கு வழக்கமாகக் கொடுப்பது கே6 (k6) என்ற டாலரன்ஸ் வகுப்பு. ⌀25-க்கு அது +0.015, +0.002. அதாவது ஷாஃப்ட் எப்போதும் 25-ஐ விடக் கொஞ்சம் கூடுதல், பேரிங்கின் உள்வளையம் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். டிராயிங்கில் எழுத்தும் எண்ணும் மட்டும் போட்டால் டர்னர் சுவரில் ஒட்டிய அட்டவணையைத் தேட வேண்டும், ஆகவே பக்கத்தில் இரண்டு எல்லைகளையும் எழுதிவிடுங்கள். ஆங்கில எழுத்து சின்னதாக (k) இருந்தால் ஷாஃப்ட், பெரியதாக (K) இருந்தால் துளை. இதை மாற்றி எழுதினால் அர்த்தமே மாறிவிடும்.

இந்த 13 மைக்ரான் (0.013 மிமீ) இடத்தை அளக்கும்போது சூட்டையும் நினைவில் வையுங்கள். எல்லா அளவும் 20 டிகிரி செல்சியஸில் இருப்பதாகத்தான் ஐஎஸ்ஓ வைத்துக்கொள்கிறது. சித்திரை மாதத்தில் நம்மூர்ப் பட்டறை 35-ஐத் தாண்டும். 15 டிகிரி கூடினால் ⌀25 எஃகு ஏறக்குறைய 4 மைக்ரான் பெருக்கும். மைக்ரோமீட்டரும் அதே சூட்டில் இருந்தால் பெரும்பாலும் சமமாகிவிடும். லேத்திலிருந்து கழற்றிய சூட்டோடு அளந்தால்தான் ஏமாற்றும்.

அந்த இருக்கைகள் காலரில் போய் முட்டும் மூலையையும் கவனியுங்கள். நீங்கள் அங்கே ஆர்2 என்று வளைவு கொடுத்திருக்கிறீர்கள். 6205-இன் மூலை வளைவு குறைந்தபட்சம் 1 மிமீ. ஷாஃப்ட்டின் வளைவு அதைவிடப் பெரிதாக இருந்தால் பேரிங் வளைவின் மேல் ஏறி நின்றுவிடும், ஷோல்டரில் முட்டாது. அப்புறம் 60-ஐ எவ்வளவு துல்லியமாக வெட்டி என்ன பயன்? ஆர்0.8 போடுங்கள்.

அடுத்தது கீவே, புல்லியை ஷாஃப்ட்டோடு பூட்டும் கீ என்ற துண்டு உட்காரும் பள்ளம். எனக்குப் பிடித்த உதாரணம் இது, ஏனென்றால் அளவு எங்கிருந்து தொடங்குகிறது என்பது இதைப்போல வேறு எங்கும் பளிச்சென்று தெரியாது. ⌀20 ஷாஃப்ட்டுக்கு 6×6 கீ, ஷாஃப்ட்டில் ஆழம் 3.5. நீங்கள் ஷாஃப்ட்டின் உச்சியிலிருந்து பள்ளத்தின் அடி வரை 3.5 என்று போட்டிருக்கிறீர்கள். அட்டவணையில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் பள்ளம் வெட்டிய பிறகு அந்த உச்சி எங்கே இருக்கிறது? கட்டரோடு போய்விட்டது. இல்லாத இடத்தில் வெர்னியரை வைக்க முடியாது. எதிர்ப்புறத்து அடிவட்டத்திலிருந்து பள்ளத்தின் அடி வரை 16.5 என்று போடுங்கள். ஒரு தாடை கீழே, ஒரு தாடை பள்ளத்துக்குள், அளவு கையில். கீவேயின் அகலம் 6-ஐ அந்தக் குறுக்குவெட்டுப் படத்திலேயே போட வேண்டும், முகப்புப் படத்தில் அல்ல. ஓர் உறுப்பின் வடிவம் எந்தப் படத்தில் தெளிவாகத் தெரிகிறதோ அங்கேதான் அதன் அளவு.

வட்டங்களுக்கும் இதே யோசனைதான். முழு வட்டத்துக்கு விட்டம், துண்டு வளைவுக்கு ஆரம். ஏன்? மைக்ரோமீட்டரும் வெர்னியரும் விட்டத்தைத்தான் அளக்கும். வளைவை ஆர கேஜ் வைத்துத்தான் பார்ப்பார்கள். உருளையின் விட்டத்தை அதன் பக்கவாட்டுப் படத்தில் போடுவது நல்லது, நீளமும் விட்டமும் ஒரே பார்வையில் கிடைக்கும். துளையின் இடத்தை, அது வட்டமாகத் தெரியும் படத்தில், மையத்துக்குப் போடுங்கள், விளிம்புக்கு வேண்டாம். டிரில் மையத்தில்தான் இறங்கும். வட்டமாக அமைந்த துளைகளுக்குப் பிசிடி (துளை மையங்கள் அமைந்த வட்டத்தின் விட்டம்), எத்தனை துளை, ஒவ்வொன்றின் விட்டம் என்று ஒரே குறிப்பில் ‘6×⌀9’ போல எழுதினால் முடிந்தது, ஆறு துளைக்கும் தனித்தனியாக அம்பு தேவையில்லை. மறைந்த புள்ளிக்கோட்டிலிருந்து அளவு எடுக்காதீர்கள். உள்ளே இருப்பதைக் காட்ட வேண்டுமானால் வெட்டுப்படம் போடுங்கள்.

கோடு, எழுத்து பற்றிய வழக்கங்களை உங்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை, கல்லூரியில் நன்றாகவே கற்றிருக்கிறீர்கள். உருவத்தின் வெளிக்கோடு தடிமன், அளவுக்கோடும் நீட்டிப்புக் கோடும் மெல்லியவை. முதல் அளவுக்கோடு உருவத்திலிருந்து சுமார் 10 மிமீ தள்ளி, அடுத்தடுத்தவை 7 அல்லது 8 மிமீ இடைவெளியில். நீட்டிப்புக் கோடு அளவுக்கோட்டை இரண்டு மூன்று மிமீ தாண்டிப் போகட்டும். அம்புமுனையின் நீளம் அகலத்தைப் போல மூன்று மடங்கு. சின்ன அளவு உள்ளே, பெரிய அளவு வெளியே, அப்போதுதான் அளவுக்கோடுகள் ஒன்றையொன்று வெட்டாது. மையக்கோட்டை நீட்டி நீட்டிப்புக் கோடாகப் பயன்படுத்தலாம், ஆனால் அளவுக்கோடாகப் பயன்படுத்தக்கூடாது. வெளிக்கோட்டையும் அப்படியே. எல்லாம் மிமீ-ல் இருந்தால் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் மிமீ எழுத வேண்டாம், டைட்டில் பிளாக்கில் ஒரு முறை போதும். அளவுக்கு மாறாக வரையப்பட்ட நீளத்தின் எண்ணுக்கு அடியில் ஒரு கோடு போட வேண்டும், அதை மட்டும் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

எண்ணை எந்தத் திசையில் எழுதுவது என்பதில்தான் உங்கள் படம் குழம்பியிருக்கிறது. சில செங்குத்து அளவுகளை வலப்பக்கமிருந்து படிக்கும்படி எழுதியிருக்கிறீர்கள், சிலவற்றை நேராக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் எண் கோட்டோடு சேர்ந்து திரும்பும், கோட்டுக்கு மேலே உட்காரும், ஷீட்டின் கீழ்ப்பக்கமிருந்தும் வலப்பக்கமிருந்தும் படிக்க வேண்டும். இன்னொன்றில் எல்லா எண்ணும் கீழ்ப்பக்கமிருந்தே படிக்கும்படி நேராக நிற்கும். எதையும் எடுத்துக்கொள்ளலாம், ஒரு ஷீட்டில் ஒன்றுதான். 6-ம் 9-ம், 68-ம் 89-ம் தலைகீழானால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் நாட்டில் இந்த வழக்கங்களுக்கு எல்லாம் அடிப்படை பிஐஎஸ் என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பு வெளியிட்ட எஸ்பி 46. பள்ளி கல்லூரிகளுக்கான பொறியியல் வரைபட முறை என்று 1988-ல் வந்தது, 2003-ல் திருத்தப்பட்டது. டைமென்ஷனுக்கென்றே ஐஎஸ் 11669 என்ற தரமும் இருக்கிறது. இரண்டும் ஐஎஸ்ஓ வழியைப் பின்பற்றுபவை. இதற்கெல்லாம் முன்னோடியாகப் பிரிட்டனில் 1927-லேயே பிஎஸ் 308 வந்துவிட்டது.

அமெரிக்க டிராயிங்குகளின் வழி ஏஎஸ்எம்இ ஒய்14.5, அங்குள்ள மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்தின் தரம். பார்வைக்குத் தெரியும் வித்தியாசங்கள் சுலபமானவை. அவர்கள் மூன்றாம் கோண முறையில் படங்களை அடுக்குவார்கள், நாம் முதல் கோணம். நம்முடைய வலப்பக்கப் படம் அவர்களுக்கு மறுபக்கம் போய்விடும். டைட்டில் பிளாக்கில் இருக்கும் கூம்புச் சின்னத்தைப் பார்க்காமல் வேலையைத் தொடங்கக்கூடாது. எண்கள் எல்லாம் நேராக நிற்கும். நீட்டிப்புக் கோட்டுக்கும் உருவத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும்படி சின்ன இடைவெளி விடுவார்கள். அங்குல அளவில் புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் போடமாட்டார்கள், .500 என்றுதான் வரும். அந்தக் கடைசிப் பூஜ்யங்களை அலங்காரம் என்று நினைக்காதீர்கள். பல டிராயிங்குகளில் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்பதை வைத்தே டைட்டில் பிளாக்கில் டாலரன்ஸ் கொடுத்திருப்பார்கள். .50 என்பதும் .500 என்பதும் வேறு வேறு வேலை, வேறு வேறு விலை.

கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் ஒன்று இருக்கிறது, அதுதான் ஆபத்தானது. ஒரு நீளமான பின்னுக்கு ⌀25, மேல் எல்லை 25.0, கீழ் எல்லை 24.9 என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் வாழைப்பழம் போலக் கொஞ்சம் வளைந்திருக்கிறது. மைக்ரோமீட்டரை எங்கே வைத்தாலும் 24.98 காட்டுகிறது. இது பாஸா? ஏஎஸ்எம்இ-யின் முதல் விதிப்படி அந்தப் பின் முழுவதும் சரியான ⌀25.0 உருளைக்குள் அடங்க வேண்டும், வளைவு அதைத் தாண்டினால் ரிஜெக்ட். ஐஎஸ்ஓ 8015 முறையில் அளவு வேறு, வடிவம் வேறு. அளவு மட்டும் சொல்லியிருந்தால் வளைவுக்குக் கட்டுப்பாடு தனியாகச் சொல்ல வேண்டும், அல்லது அளவுக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்தைப் போட வேண்டும். எண் ஒன்று, கோடு ஒன்று, அர்த்தம் இரண்டு. டிராயிங் எந்தத் தரத்தின்படி போடப்பட்டது என்று டைட்டில் பிளாக்கில் எழுதச் சொல்வது இதற்காகத்தான். உங்கள் படத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது.

கூட்டல் கழித்தல் டாலரன்ஸுக்கு அப்பால் போன கதையையும் கொஞ்சம் சொல்கிறேன். 1930களின் இறுதியில் ஸ்காட்லாந்தில் அலெக்சாண்ட்ரியா என்ற ஊரில் இருந்த டார்பிடோ தொழிற்சாலையில் வேலை பார்த்த ஸ்டான்லி பார்க்கர் ஒன்றைக் கவனித்தார். துளையின் மையத்துக்கு இரண்டு பக்கமும் ±0.1 என்று கொடுத்தால் மையம் நிற்க அனுமதிக்கும் இடம் 0.2 பக்கமுள்ள சதுரம். அந்தச் சதுரத்தின் மூலைக்குப் போன மையம் சரியான இடத்திலிருந்து 0.14 தள்ளியிருக்கும், பாஸ். அதே 0.14 நேர் வலப்பக்கம் தள்ளியிருந்தால் ரிஜெக்ட். போல்ட்டுக்கு மூலை எது, பக்கம் எது என்று தெரியுமா? மூலைக்கு அனுமதித்த தூரத்தை எல்லாத் திசைக்கும் அனுமதித்தால் சதுரம் வட்டமாகும், இடம் 57 சதவீதம் கூடும். வேலைக்கு உதவும் சாமான்கள் வீணாவது குறையும். இன்று டிராயிங்கில் நீங்கள் பார்க்கும் கட்டம் கட்டிய பொசிஷன் டாலரன்ஸ் இந்த யோசனையில் வளர்ந்தது. அங்கே சதுரக் கட்டத்துக்குள் தனியாக நிற்கும் எண் கோட்பாட்டு அளவு. அதற்குப் பொது டாலரன்ஸ் பொருந்தாது. உங்கள் ஷாஃப்ட்டுக்கு இதில் ஒன்றே ஒன்று வேண்டும்: இரண்டு பேரிங் இருக்கைகளும் ஒரே அச்சில் இருக்க வேண்டும் என்ற குறிப்பு. அது இல்லாமல் இரண்டு ⌀25-ம் தனித்தனியாகச் சரியாக இருந்தும் ஷாஃப்ட் ஆடிக்கொண்டே சுழலலாம், ஏனென்றால் டர்னர் நடுவில் சாமானைக் கழற்றித் திருப்பிப் பிடிக்கிறார்.

கடைசிக் கேள்வி, கம்ப்யூட்டர். மாடலில் நீங்கள் ஸ்கெட்ச் போடும்போது கொடுத்த அளவுகளை அது அப்படியே டிராயிங்கில் கொண்டுவந்து வைக்கும். உங்கள் 34-ல் பாதி அப்படி வந்தவைதான் என்று பார்த்ததுமே தெரிந்தது, ஏனென்றால் ⌀20 படியின் நீளத்தை நடுக்காலரின் மையத்திலிருந்து போட்டிருக்கிறது. நீங்கள் ஸ்கெட்ச்சை அங்கிருந்து தொடங்கினீர்கள், அது சாஃப்ட்வேருக்கு வசதி. இரும்பில் அந்த மையம் எங்கே இருக்கிறது என்று யாரும் காட்ட முடியாது. சாஃப்ட்வேர் கணக்கில் தப்பே செய்யாது. ஆனால் பேரிங் எங்கே முட்டுகிறது என்று அதற்குத் தெரியாது. இன்னொன்று, 25.00, 60.00 என்று எல்லாவற்றுக்கும் இரண்டு பூஜ்யம் போட்டிருக்கிறது, மிமீ-ல் அது வேண்டாம், எடுத்துவிடுங்கள். எண்ணைக் கையால் அழித்து வேறு எண் தட்டும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். எண் மாறும், உருவம் மாறாது. அடுத்தவர் அந்த ஃபைலிலிருந்து நேராக சிஎன்சி புரோகிராம் எடுத்தால் பழைய அளவில்தான் வெட்டும்.

திருத்திய பிறகு ஏ3 தாளில் பிரின்ட் எடுத்து, நீங்களே டர்னர் என்று வைத்துக்கொண்டு விரலால் வேலை செய்து பாருங்கள். ⌀35 பார், 155 நீளம். சக்கில் பிடித்தாயிற்று, ஃபேஸிங் அடித்தாயிற்று, 72 வரை ஓட்டியாயிற்று, 40 விட்டு ⌀20, திருப்பிப் பிடித்து 150, காலர் 60. பயன்படுத்திய ஒவ்வோர் அளவின் மேலும் சிவப்புப் பேனாவால் டிக் போட்டுக்கொண்டே வாருங்கள். டிக் விழாத அளவு எல்லாம் வேண்டாத அளவு. கீவேக்கு மில்லிங் மிஷினுக்குப் போங்கள்: அகலம் 6, அடியிலிருந்து 16.5, நீளம் 25. கட்டரை எங்கே இறக்குவீர்கள்? முனையிலிருந்து எத்தனை மிமீ விட்டு அந்தப் பள்ளம் தொடங்குகிறது என்று உங்கள் 34 அளவுகளில் எங்கும் இல்லை. டர்னர் இல்லை என்று சொன்னது அதைத்தான் என்று நினைக்கிறேன். வலது முனையிலிருந்து 3 என்று போட்டு அனுப்புங்கள்.